பெரியவர் கை படாத காகிதப் பரிசு

தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் இருக்கிறவர்கள் அன்னையர் தினத்தை மே இரண்டாம் ஞாயிறன்று கொண்டாடி முடித்திருப்பீர்கள். மொரீஷியஸில் எங்களுக்கு அது பிரெஞ்சுக்காரர் வழக்கப்படி மே மாதக் கடைசி ஞாயிறு. இந்த 2026இல் மே 31. ஆகவே எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னும் நாள் இருக்கிறது, எனக்கும் இதை எழுத நேரம் இருக்கிறது.

நான் கியூர்பிப் பக்கத்தில் ஓர் அரசு தொடக்கப்பள்ளியில் தமிழ் ஆசிரியை. மொழிப் பாட நேரம் வந்தால் வகுப்பு பிரிந்துவிடும். சிலர் இந்திக்குப் போவார்கள், சிலர் உருதுவுக்கு, சிலர் தெலுங்குக்கு. எங்கள் பிள்ளைகள் வராந்தாக் கோடியில் இருக்கிற சின்ன அறைக்கு வருவார்கள். வீட்டில் அவர்கள் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த எங்கள் தீவின் பேச்சுமொழி. டிவியில் கேட்பது பிரெஞ்சு. பாடப் புத்தகத்தில் ஆங்கிலம். தமிழில் ஒரு வரி எழுதுவது என்றால் பெரும்பாலும் அந்த அறையில்தான். அதனால் மே மாதம் எனக்கு ரொம்ப முக்கியம். பிள்ளைகள் யாரும் சொல்லாமலே தமிழில் எழுத ஆசைப்படுகிற மாதம் அது.

இப்போதே தபால் பெட்டி நிறையத் துண்டுப் பிரசுரங்கள் வர ஆரம்பித்துவிட்டன. மிக்ஸி, ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி, வாசனைத் திரவியம். அம்மாவுக்கு அன்பு காட்ட வேண்டுமானால் தவணையில் ஒரு அடுப்பு வாங்கு என்கிறார்கள். இந்த நாளைத் தொடங்கி வைத்த ஆனா ஜார்விஸ் இதைப் பார்த்தால் கொதித்துப் போயிருப்பார். 1908இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் தன் தாயின் நினைவாக ஒரு தேவாலயத்தில் இதை ஆரம்பித்தவர் அவர். 1914இல் அந்த நாட்டு அரசு அதை அறிவிக்கவும் செய்தது. அப்புறம் பூக்கடைக்காரர்களும் இனிப்புக் கடைக்காரர்களும் அட்டைக் கம்பெனிக்காரர்களும் புகுந்துகொண்டதைப் பார்த்துவிட்டு, மிச்ச வாழ்நாளை அவர்களோடு சண்டை போட்டே கழித்தார். அச்சடித்த வாழ்த்து அட்டை என்றாலே அவருக்கு ஆகாது. அந்த விஷயத்தில் நான் முழுக்க அவர் பக்கம்.

ஆனால் வீட்டிலும் பள்ளியிலும் செய்கிற காகிதப் பரிசுகளிலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இணையத்தில் படத்தை இறக்கி, அச்செடுத்து, பெரியவர்களே வெட்டி, பெரியவர்களே ஒட்டி, கடைசியில் பிள்ளை கையில் கொடுத்து "இங்கே பேர் எழுது" என்பார்கள். வரிசையாக இருபது அட்டை இருக்கும், இருபதும் ஒரே மாதிரி. அழகாகத்தான் இருக்கும். ஆனால் அம்மா அதைத் திறந்தால் தன் பிள்ளையை அதில் எங்கே தேடுவார்?

என் அறையில் ஒரே ஒரு சட்டம்தான். பிள்ளையின் தாளை நான் தொட மாட்டேன். என்னிடம் ஒரு தாள் இருக்கும், அதில் மடித்துக் காட்டுவேன். அவர்கள் தங்கள் தாளில் மடிப்பார்கள். கோணலாகப் போனால் கோணலாகவே இருக்கட்டும். "மிஸ், நீங்க மடிச்சுக் குடுங்க" என்று நீட்டுகிறவர்களுக்கு, பக்கத்தில் உட்கார்ந்து என் தாளில் இன்னொரு தடவை மெதுவாக மடித்துக் காட்டுவேன். இது பிடிவாதம் மாதிரி தெரியும். ஆனால் இந்தச் சட்டம் இருந்தால்தான் பிள்ளைக்கு முடிகிற வேலையாகப் பார்த்து நான் தேர்ந்தெடுப்பேன். கத்தரிக்கோல் நுனியில் மில்லிமீட்டர் கணக்கில் வெட்ட வேண்டிய வேலைகள் எல்லாம் தானாகவே கழிந்துவிடும்.

முதல் நாள் காகிதத்தையே எடுக்க மாட்டோம். "யாருக்குக் கொடுக்கப் போகிறாய்?" என்று மட்டும் ஒவ்வொருவரிடமும் கேட்பேன். "அம்மாவுக்கு என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்பதில்லை. பாட்டி வளர்க்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அம்மா வெளிநாட்டில் வேலை பார்க்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அம்மா இல்லாத பிள்ளையும் இருக்கும். பெரியம்மாவுக்கு, சித்திக்கு, அக்காவுக்கு என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். அதற்கு மேல் நான் எதுவும் கேட்பதில்லை, வேறு யாரையும் கேட்க விடுவதும் இல்லை.

சரி, காகிதத்துக்கு வருவோம். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது எட்டுப் பக்கப் புத்தகம். ஒரே ஒரு ஏ4 தாள், ஒரே ஒரு வெட்டு. பசை வேண்டாம், ஸ்டேப்ளர் வேண்டாம், ஊசி நூல் வேண்டாம்.

தாளைப் படுக்கை வாட்டில் வைத்துக்கொண்டு, நீளமான ஓரத்தை நீளமான ஓரத்தோடு சேர்த்து மடித்து, நகத்தால் நன்றாக நீவி, பிரித்துவிட வேண்டும். அடுத்து குட்டை ஓரத்தைக் குட்டை ஓரத்தோடு சேர்த்துப் பாதியாக மடி. அதே திசையில் இன்னொரு முறை பாதியாக மடி. முழுக்கப் பிரித்தால் தாளில் எட்டுக் கட்டம் தெரியும், மேலே நான்கு, கீழே நான்கு. இப்போது மறுபடி குட்டை ஓரங்களைச் சேர்த்து ஒரே ஒரு முறை பாதியாக மடித்துக்கொள்ள வேண்டும். மடிந்த பக்கம் எது, திறந்த பக்கம் எது என்று பிள்ளையை விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். இந்த இடத்தில்தான் அவசரப்படுவார்கள். மடிந்த பக்கத்திலிருந்து, நடுக்கோட்டின் மேலேயே, குறுக்குக் கோடு வருகிற வரைக்கும் வெட்டு. அதோடு நிறுத்து. திறந்த பக்கத்திலிருந்து வெட்டினால் தாள் இரண்டு கொடியாகத் தொங்கும், புத்தகம் வராது.

பிரித்துப் பார்த்தால் தாளின் நடுவில் ஒரு நீளமான கீறல் இருக்கும். அந்தக் கீறல் மேலே வருகிற மாதிரி நீளவாக்கில் மடித்து, இரண்டு முனைகளையும் இரண்டு கையில் பிடித்து உள்பக்கமாகத் தள்ள வேண்டும். கீறல் வாய் திறக்கும். இன்னும் தள்ளினால் நான்கு சிறகு விரிந்து கூட்டல் குறி மாதிரி நிற்கும். அந்தச் சிறகுகளை ஒரே பக்கமாகச் சுற்றி மடித்தால் கையில் ஒரு புத்தகம். அந்த நேரம் அறையில் எழுகிற சத்தத்தை நான் எழுத்தில் கொண்டுவர முடியாது. ஐந்தாம் வகுப்புப் பையன்களும் வாயைப் பிளப்பார்கள். உடனே பிரித்துவிட்டு மறுபடி செய்து பார்ப்பார்கள். செய்து பார்க்கட்டும், அவசரமே இல்லை.

ஒவ்வொரு பக்கமும் 7.4 சென்டிமீட்டர் அகலம், 10.5 சென்டிமீட்டர் உயரம். சட்டைப் பைக்குள் அடங்கும். இந்த அளவை நான் சும்மா சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளின் அம்மாக்களில் பலர் ஓட்டல்களில் வேலை செய்கிறவர்கள். அன்னையர் தினம் என்றால் ஓட்டல்களில் குடும்பம் குடும்பமாக மதியச் சாப்பாட்டுக்கு வருவார்கள், அதனால் அன்றைக்கு அவர்களுக்கு லீவு கிடைப்பது கஷ்டம். ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் கடற்கரைப் பக்கம் ஓர் ஓட்டலில் துணி வெளுக்கிற பிரிவில் இருக்கிற ஓர் அம்மா, பள்ளிக்கு வந்தபோது யூனிஃபார்ம் பையிலிருந்து மகன் செய்த புத்தகத்தை எடுத்துக் காட்டினார். விடியற்காலை ஓட்டல் வேன் வரும்போது பையன் தூக்கக் கலக்கத்தோடு கொண்டுவந்து கொடுத்தானாம். பெரிய அட்டையாக இருந்திருந்தால் வீட்டில் அலமாரி மேலேதான் நின்றிருக்கும்.

உள்ளே என்ன எழுதுவது? இங்கேதான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். "அம்மா, நீ தெய்வம்", "அம்மாவின் அன்புக்கு ஈடில்லை" என்று பிள்ளைகள் எங்கேயோ கேட்ட வரியை எழுத வருவார்கள். அதையெல்லாம் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்பேன். அம்மா காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வார்? அம்மாவுக்கு எதைக் கண்டால் பயம்? எதற்கு விழுந்து விழுந்து சிரிப்பார்? கோபம் வந்தால் உன்னை எப்படிக் கூப்பிடுவார்? அம்மா சமைப்பதில் உனக்கு எது வேண்டும்?

பதில்களைப் பாருங்கள். "அம்மா போனில் பேசிக்கொண்டே முற்றத்தில் நடப்பார்." "அம்மாவுக்குப் பல்லி பயம். எனக்குப் பயம் இல்லை." "அம்மா பஸ்ஸில் தூங்குவார், நான் அவர் பையைப் பிடித்துக்கொள்வேன்." "அம்மா என் சூப் பாத்திரத்தில் கேரட்டை ஒளித்து வைப்பார்." பக்கத்துக்கு ஒரு வரி, கீழே ஒரு படம். அவ்வளவுதான், புத்தகம் நிரம்பிவிடும். இந்த வரிகளை அந்தப் பிள்ளையைத் தவிர உலகத்தில் வேறு யாரும் எழுத முடியாது.

சமையல் பக்கம் வந்தால் அறையே சந்தையாகிவிடும். "மிஸ், விந்தாய் எப்படி எழுதுறது?" "ருகாய்க்கு எந்த ர?" என்று ஆளுக்கு ஆள் கேட்பார்கள். தக்காளியும் தைம் இலையும் போட்டுச் செய்கிற ருகாய், கடுகும் மஞ்சளும் போட்டு ஊற வைக்கிற மீன் விந்தாய், தால்பூரி, காவடிக்குப் பிறகு வாழையிலையில் பரிமாறுகிற ஏழு கறி எல்லாம் தமிழ் எழுத்தில் வரிசையாக வந்து விழும். பாடப் புத்தகத்தில் இருக்கிற சொல்லை எழுதச் சொன்னால் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்காருகிற பிள்ளைகள், தங்கள் அம்மா செய்கிற விந்தாய் என்றால் விரலை எண்ணி எழுத்துக்கூட்டுவார்கள்.

எழுத்துப்பிழை? கேட்டால் சொல்லிக்கொடுப்பேன். கேட்காவிட்டால் விட்டுவிடுவேன். "அமா" என்று ஒரு ம் குறைந்து போகும், "பிடிக்கும்" என்பது "பிடிகும்" ஆகும். வகுப்பு நோட்டில் அதைக் கட்டாயம் திருத்துவேன். பரிசில் என் சிவப்புப் பேனா படாது.

பின்னட்டையில் விலை எழுதுவோம். எங்கள் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு. "நூறு ரூபாய்" என்று அச்சாகியிருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டினால் இன்னும் ஆச்சரியப்படுவார்கள். தினமும் கையில் புரள்கிற நோட்டுதான், உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு பையன் அந்த நோட்டைப் பார்த்து "நூறு" என்பதை வட்டம் பிசகாமல் எழுதிக்கொண்டான். பின்னட்டையில் பார்த்தால் "விலை: நூறு முத்தம்" என்று இருந்தது. அந்த வருஷம் எல்லாப் புத்தகமும் அதே விலைக்குத்தான் போனது.

இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். இங்கே பல அம்மாக்களுக்குத் தமிழ் படிக்க வராது. கோவிலில் தேவாரம் பாடுவார்கள், அதைக்கூட ரோமன் எழுத்தில் அச்சடித்த தாளை வைத்துக்கொண்டு பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். "அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதே, மிஸ், எதுக்குத் தமிழ்ல எழுதணும்?" என்று பிள்ளைகளே கேட்பார்கள். நீ படித்துக் காட்டு என்பேன். பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் படித்து, கிரியோலில் சொல்லு. இதற்காகவே வெள்ளிக்கிழமை ஜோடி ஜோடியாக உட்கார வைத்து உரக்கப் படிக்கப் பழக்குவேன். கடையில் வாங்கின சாமானைக் கையில் கொடுத்துவிட்டு ஓடிவிடலாம். இந்தப் புத்தகத்தைக் கொடுத்தால் ஓட முடியாது, எட்டுப் பக்கமும் படித்து முடிக்கிற வரை அம்மாவோடு ஒட்டி உட்கார வேண்டும். எனக்கு இந்தப் பரிசு பிடித்துப்போனதற்கு முக்கியக் காரணமே அதுதான்.

எழுதுவதற்குப் பென்சிலோ சாதாரண பால்பாயிண்ட் பேனாவோ போதும். ஸ்கெட்ச் பேனா பளிச்சென்று இருக்கும், ஆனால் வெயில் பட்டால் சீக்கிரம் வெளுத்துவிடும், தாளின் மறுபக்கமும் ஊறும். செய்தித்தாளில் செய்யாதீர்கள். அதில் மரக்கூழின் லிக்னின் அப்படியே இருப்பதால் கொஞ்ச நாளிலேயே மஞ்சளாகி நொறுங்கும். நகலெடுக்கிற 80 கிராம் வெள்ளைத் தாள் பல வருஷம் தாங்கும்.

பூ வேண்டும் என்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது ரோஜா இல்லை. எங்கள் தேசியப் பூ. 1992இல் மொரீஷியஸ் குடியரசானபோது தேர்ந்தெடுத்த பூ அது. சிவப்பாக, மணி வடிவத்தில், தலைகீழாகத் தொங்கும். எல்லோரும் 'பூக்ல் தோரேய்' என்பார்கள், காதுத் தொங்கட்டான் என்று அர்த்தம். தாவரவியல் பெயர் த்ரோஷெசியா. இயற்கையாக அது வளர்கிற ஒரே இடம் தென்மேற்கு மூலையில் இருக்கிற லெ மோர்ன் மலை. அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஓடியவர்கள் ஒளிந்து வாழ்ந்த மலை அது, 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்தப் பூவில் ஊறுகிற தேனும் சிவப்பு நிறம்தான். இந்த ஒரு தகவல் போதும், பிள்ளைகள் வேறு பூவைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இதற்கு வேண்டியது க்ரேப் காகிதம், சிவப்பிலும் மஞ்சளிலும். க்ரேப் காகிதத்தை ஒரு பக்கம் இழுத்தால் நீளும், மறுபக்கம் இழுத்தால் நீளாது. வெட்டுவதற்கு முன்னால் பிள்ளைகள் ஒரு துண்டை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்க்கட்டும். காகிதத்தில் இருக்கிற சுருக்க வரிகள் இதழின் அடியிலிருந்து நுனிக்குப் போகிற மாதிரி வைத்து வெட்ட வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் உயரம், மூன்று சென்டிமீட்டர் அகலம், நுனி வட்டம், ஐந்து இதழ். இப்போது இரண்டு கட்டை விரலையும் இதழின் வயிற்றில் வைத்து, மெதுவாகப் பக்கவாட்டில் இழுத்தால் அந்த இடம் மட்டும் குழிந்து கிண்ணமாகும். ஓரத்தை இழுக்கக் கூடாது, வயிற்றை மட்டும். மணி வடிவம் அந்தக் குழியில்தான் வருகிறது. வரி குறுக்கே ஓடுகிற மாதிரி வெட்டிவிட்டால் எவ்வளவு இழுத்தாலும் குழியாது, கிழியும்.

மஞ்சள் துண்டின் ஒரு ஓரம் முழுக்கக் குஞ்சம் மாதிரி மெல்லிசாக வெட்டிச் சுருட்டினால் பூவின் நடுப்பகுதி. ஒரு நூலின் முனையில் தடிமனாக முடிச்சுப் போட்டு, மஞ்சள் சுருளை அந்த முடிச்சைச் சுற்றிக் கட்டி, அதைச் சுற்றி ஐந்து இதழையும் ஒன்றன் மேல் ஒன்று பாதி ஏறுகிற மாதிரி வைத்து, அடியில் நூலால் இறுக்கிச் சுற்ற வேண்டும். பசை வேண்டாம் என்பது என் அனுபவம். சிவப்பு க்ரேப் ஈரம் பட்டால் சாயம் விடும். விரல், மேஜை, வெள்ளைச் சட்டை எல்லாம் சிவக்கும். அதுவும் எங்கள் கியூர்பிப் மழை ஊர். மேட்டு நிலம், மே மாதம் குளிரும் ஆரம்பிக்கும், ஒட்டினது காய்வதற்குள் இன்னொரு தூறல் வந்துவிடும். தலைநகர் போர் லூயிஸில் இருக்கிற ஆசிரியைகளுக்கு இந்தக் கவலை குறைவு. நூலால் கட்டினால் எந்த ஊரிலும் நிற்கும்.

கடைசியில் நூலை மேலே பிடித்தால் பூ தலைகீழாகத் தொங்கும், அசல் செடியில் தொங்குகிற மாதிரியே. சமையலறை ஜன்னலில் கட்டலாம். இரண்டு செய்துவிட்டால் பெண் பிள்ளைகள் சும்மா விடுவார்களா, காதில் வைத்துக்கொண்டு வராந்தா முழுக்க நடப்பார்கள். அம்மாவுக்குப் போக வேண்டிய பூ கசங்குமே என்று நான் சத்தம் போட்டாலும் கேட்காது.

மூன்றாவது, பின்னல். இதற்கு வருஷா வருஷம் காகிதம் இலவசமாகக் கிடைக்கிறது. மேலே சொன்னேனே, தபால் பெட்டியில் விழுகிற அன்னையர் தினத் துண்டுப் பிரசுரங்கள், அவைதான். வழவழப்பான தாள், நல்ல கலர். ரைஸ் குக்கரும் இஸ்திரிப் பெட்டியும் ஒன்றரை சென்டிமீட்டர் பட்டையாக வெட்டுப்பட்டு வேறு ஒன்றாக மாறுவதில் எனக்குத் தனி சந்தோஷம்.

அடித்தாளுக்குப் பிரிஸ்டல் என்கிற கெட்டி அட்டை நல்லது. பாதியாக மடித்து, மடிப்பிலிருந்து திறந்த ஓரத்தை நோக்கி வெட்டுகள். ஓரத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் முன்னால் எல்லா வெட்டும் நிற்க வேண்டும். அதற்கு ஒரு பென்சில் கோடு முன்கூட்டியே போட்டுக்கொள்ளட்டும். பிரித்தால் ஜன்னல் கம்பி போல நிற்கும். முதல் பட்டை மேலே கீழே, மேலே கீழே. அடுத்த பட்டை கீழே மேலே, கீழே மேலே. ஒவ்வொரு பட்டையையும் விரலால் மேலே நெருக்கித் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் இடைவெளி விட்டுக் கடைசியில் தளர்ந்து போகும். சின்னப் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பின்னுவார்கள், அறை முழுக்க "மேலே, கீழே" என்று ராகமாகக் கேட்கும்.

இந்தப் பின்னலைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கே தோன்றும், பாட்டி சந்தைக்கு எடுத்துப்போகிற தாந்த் இதுதானே என்று. தாழை இனத்தைச் சேர்ந்த வாக்வா இலையைக் காயவைத்து, பட்டையாகக் கிழித்துப் பின்னுகிற கூடைப்பை அது. ஒரு காலத்தில் சர்க்கரை ஏற்றுமதிக்கே அந்தப் பைகள்தான் போயின. நடுவில் கொஞ்சம் மறைந்திருந்தது. 2016 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த பிறகு சந்தையில் மறுபடி நிறையப் பார்க்கிறேன். பின்னி முடித்த தாளை இரண்டாக மடித்து, பக்க ஓரங்களை ஒட்டி, மேலே ஒரு பட்டையைக் கைப்பிடியாக வைத்தால் குட்டித் தாந்த் தயார். அதற்குள் எட்டுப் பக்கப் புத்தகம் அளவாக உட்காரும். பாட்டிக்குக் கொடுக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் இதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையான வாக்வா பின்னத் தெரிந்த பாட்டி வீட்டில் இருந்தால் அவ்வளவுதான், பேரப்பிள்ளை செய்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மூலையை எப்படி மடக்குவது என்று பாடமே நடத்திவிடுவார்.

திறந்தால் எழுந்து நிற்கிற அட்டையும் செய்யலாம். மடிப்பில் இரண்டு இணையான வெட்டு, நடுத்துண்டை உள்பக்கமாகத் தள்ளினால் ஒரு படி. அதன் முகப்பில் படத்தை ஒட்டிவிடலாம். ஐந்து நிமிஷ வேலை, முதலாம் வகுப்புக்கு ஏற்றது.

"ஒரு நாள் பாத்திரம் கழுவித் தருவேன்", "ஒரு நாள் சண்டை போட மாட்டேன்" என்று கூப்பன் கட்டு செய்கிற வழக்கம் இருக்கிறது. நான் அதைச் செய்ய வைப்பதில்லை. பாத்திரம் கழுவுவது வீட்டில் இருக்கிற எல்லோருடைய வேலையும்தான், அதை அம்மாவுக்குச் சலுகை மாதிரி சீட்டில் எழுதிக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. மினுக்குத் தூளும் வேண்டாம். பெருக்கி முடியாது, கண்ணில் விழும்.

மடிப்பு சுத்தமாக வரவில்லை என்று பெரிய பிள்ளைகள் குறைப்பட்டால், தாளைக் கிழித்துப் பார்க்கச் சொல்லுவேன். ஒரு வேண்டாத தாளை நீளவாக்கில் கிழி, அடுத்து அகலவாக்கில் கிழி. ஒரு பக்கம் கோடு போட்ட மாதிரி நேராகக் கிழியும், மறுபக்கம் கோணல் மாணலாக ஓடும். இயந்திரத்தில் காகிதம் உருவாகும்போது நார்கள் அது ஓடுகிற திசையிலேயே படுத்துக்கொள்வதுதான் காரணம். நேராகக் கிழிகிற திசையில் மடித்தால் மடிப்பு வழுக்கிக்கொண்டு விழும், குறுக்கே மடித்தால் ஓரம் வெடித்துப் பிசிறு தெரியும். தடித்த அட்டையில் இது நன்றாகவே தெரியும். அட்டை வெட்டும்போது மடிப்பு எந்தப் பக்கம் வரப்போகிறது என்று முதலிலேயே பார்த்துக்கொண்டால் போதும்.

தாந்த் ஓரம் ஒட்டப் பசைக் குச்சி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மைதா. ஒரு கரண்டி மைதாவை ஐந்து கரண்டித் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சின்னத் தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆகும். அப்போது இறக்கி, சில சொட்டு வினிகர் விட வேண்டும். அப்படியும் எங்கள் ஊர் ஈரத்தில் வெளியே வைத்தால் பூசணம் பிடிக்கும், ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். இந்த அடுப்பு வேலை மட்டும் பெரியவர்களுடையது.

செய்து முடித்ததை உடனே வீட்டுக்குக் கொண்டுபோக விடுவதில்லை. பையில் போனால் டிபன் பாக்ஸுக்கு அடியில் நசுங்கும், அதைவிட முக்கியம், ரகசியம் தங்காது. என் அலமாரியில் ஒரு ஷூ பெட்டியில் வைத்திருந்து வெள்ளிக்கிழமை கொடுப்பேன். க்ரேப் பூவை மட்டும் ஒரு காகிதக் கோப்பைக்குள் தொங்கவிட்டு, நூலை மூடி ஓட்டை வழியாக வெளியே எடுத்துக் கட்டினால் மழையில் பஸ் ஏறி இறங்கினாலும் பத்திரமாகப் போய்ச் சேரும்.

மிச்சமான பட்டைகளையும் பிரிஸ்டல் துண்டுகளையும் தூக்கிப் போடாதீர்கள். ஜூன் மூன்றாம் ஞாயிறு இங்கே தந்தையர் தினம். எட்டுப் பக்கப் புத்தகத்தை அப்பாவுக்கும் அப்படியே செய்யலாம், கேள்விகளை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். அப்பா வண்டி ஓட்டும்போது என்ன பாட்டுப் பாடுவார் என்று நான் ஆரம்பிப்பேன்.